ஸ்பின்னர் போட்டு டிரௌட் மீன் பிடிக்க ஏன் ஆற்றில் எதிரோட்டமாக நடக்கச் சொல்கிறார்கள்?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கோர் பக்கம் சில வருடங்களாக இருக்கிறேன். பிரவுன் டிரௌட்டுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கும் ஊர். அங்கே இருந்துகொண்டு முதல் சீசன் முழுக்க எனக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை. எல்லாம் தாமிரபரணியில் பழகிய பழக்கம். தக்கையைப் போட்டு, தண்ணீர் போகிற போக்கில் விட்டுப் பிடித்த கை அது. இங்கும் ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தபடி ஸ்பின்னரை, அதாவது இழுத்தால் சுழலும் தகடு வைத்த தூண்டிலை, வீசிக்கொண்டிருந்தேன்.

ஓடுகிற தண்ணீரில் டிரௌட் எதிரோட்டத்துக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். இரை மேலிருந்து மிதந்து வரும். வாயைத் திறந்தால் போதும். மேலிருந்து இறங்குகிறவன் நேரே அதன் கண் முன்னால் போய் நிற்கிறான். காலில் கிளறிய வண்டல் அவனுக்கும் முன்னால் போய்ச் சேதி சொல்லிவிடும். கீழிருந்து ஏறினால் நாம் அதன் வாலுக்குப் பின்னால் இருப்போம். நேர் பின்பக்கம் அதற்குப் பார்வை கிடையாது. கலங்கல் நமக்குப் பின்னால் போய்விடும். மெதுவாக நடந்தால் பத்து மீட்டர் வரைகூட நெருங்கலாம்.

இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். கஷ்டம் சுற்றுகிற வேகத்தில்தான். மேல்நோக்கி வீசிய ஸ்பின்னரைத் தண்ணீரே நம்மிடம் கொண்டுவருகிறது. தண்ணீரின் வேகத்திலேயே ரீலையும் சுற்றினால் தகடு சுழலாது. செத்த இலை மாதிரி வந்து கல்லில் மாட்டும். ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாக, அதுவும் ஸ்பின்னர் தண்ணீரைத் தொட்ட நொடியிலேயே சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சரியான வேகம் வந்ததும் கோல் நுனியில் 'விர்ர்' என்று ஓர் அதிர்வு கைக்குத் தெரியும். அது நின்றால் வேகம் குறைந்துவிட்டது, இல்லையென்றால் பாசி மாட்டிக்கொண்டது. இந்த அதிர்வு பிடிபட எனக்கு மூன்று நான்கு வாரம் ஆனது. நேர் மேலே வீசாமல் சற்றுச் சாய்த்து வீசினால் தகடு சுலபமாகச் சுழலும்.

எடுத்த எடுப்பில் தூரத்துக்கு வீசாதீர்கள். மடுவின் கீழ்முனையில் இருக்கும் மீன்மேல் நரம்பு (தூண்டில் நூல்) விழுந்தால் அது மேலே ஓடும், மற்றதையும் கிளப்பிவிடும். முதல் வீச்சு பக்கத்தில், அடுத்தது கொஞ்சம் தள்ளி. வேக நீரும் மந்த நீரும் சேரும் கோடு, பெரிய கல்லின் முன்னும் பின்னும், அரித்துக் குடைந்த கரையின் அடி, இவைதான் இடங்கள். ஒரே இடத்தில் நாலு வீச்சுக்கு மேல் நான் நிற்பதில்லை.

சாமான் பெரிதாக வேண்டாம். ஆறடிக் கோல், சின்ன ரீல், ஆறு பவுண்டு நரம்பு, மெப்ஸ் கம்பெனி ஸ்பின்னரில் ஒன்றாம் நம்பர் அல்லது இரண்டாம் நம்பர். போலரைஸ்டு கண்ணாடி மட்டும் கட்டாயம்.

ஒருமுறை தொடைக்கு மேல் ஓடிய தண்ணீரைக் கடக்கப் பார்த்து வழுக்கி விழுந்தேன். வேடருக்குள் (ஆற்றில் இறங்கப் போடும், தண்ணீர் புகாத உடை) தண்ணீர் இறங்கி, கரையேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்று இடுப்பு பெல்ட்டைப் போடாதது என் தப்பு. ஓட்டத்துக்கு உடம்பைப் பக்கவாட்டாகக் கொடுத்து, ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்ததை நகர்த்துங்கள். கையில் ஒரு தடி இருக்கட்டும்.

அப்புறம், வழுக்காது என்று அடியில் ஃபெல்ட் என்ற கம்பளி மாதிரித் துணி ஒட்டிய பூட்ஸை வெளிநாட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். 2004-இல் டிடிமோ பாசி இங்கே வந்து சேர்ந்தது. ஈரம் காயாத ஃபெல்ட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் பரவும் என்பதால், 2008 முதல் மீன்பிடிக்க அந்த பூட்ஸுக்குத் தடை. ரப்பர் அடிதான். ஓர் ஆற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் அதையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். ஃபிஷ் அண்டு கேம் என்ற அமைப்பிடம் மீன்பிடி உரிமம் வாங்கும்போதே ஸ்பின்னருக்கு அனுமதி உள்ள ஆறுதானா என்று பார்த்துவிடுங்கள். சில ஆறுகளில் ஈத்தூண்டில் (பூச்சி மாதிரி செய்த செயற்கை இரை) மட்டும்தான்.