நல வாரியமும் வருமானச் சான்றும்: சங்கத்து அக்கா பதில்கள்

(மதுரையில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் பல வருஷங்களாக மனு எழுதிக் கொடுத்துவரும் அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 57. நான் சித்தாள். இருவருக்கும் ஈ-ஷ்ரம் அட்டை இருக்கிறது. நல வாரியத்திலும் பதியச் சொல்கிறார்கள். ஒரு புரோக்கர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா அக்கா? — வாசகி, மேலூர்

ஒரு பைசா கொடுக்காதே தங்கச்சி. வாரியத்தில் பதியக் கட்டணமே கிடையாது.

ஈ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய பதிவேடு. அது இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் என்று நம் மாநிலத்தில் வருகிற உதவிகள் எல்லாம் 1994-ல் அமைத்த கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் அட்டைக்குத்தான். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை உன் கணவரின் வயதுதான். 18 முதல் 60 வயது வரைதான் பதிய முடியும். அறுபது முடிந்தபிறகு எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. பொங்கல் கழியட்டும், மழை விடட்டும் என்று தள்ளாமல் இந்த மாதமே போங்கள்.

இன்னொன்று, நீயும் தனியாகப் பதிய வேண்டும். 'அவர் கார்டு இருக்கே, எனக்கு எதற்கு' என்று சித்தாள் பெண்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மணலும் கல்லும் சுமந்தது நீ. உன் பெயரில் அட்டை இருந்தால்தான் நாளைக்கு ஓய்வூதியம் உன் கைக்கு வரும்.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, வயதுக்கு ஒரு ஆதாரம் எடுத்துக்கொள். முக்கியமானது, கடந்த ஒரு வருஷத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை செய்ததற்கான சான்று. வேலை கொடுத்தவரோ பதிவு பெற்ற சங்கமோ கொடுக்கலாம். மேஸ்திரி கையெழுத்துப் போட இழுத்தடித்தால் சங்கத்துக்கு வா. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் என்று ஒன்று உண்டு, அங்கே விசாரி. விண்ணப்பம் இணையத்தில்தான் என்றாலும் சந்தேகத்தை நேரில் கேட்பது நல்லது. அட்டை வந்தபிறகு அதில் போட்டிருக்கும் தேதிக்குள் புதுப்பிக்க மறக்காதே. நாமினி பெயரையும் பார்த்துக்கொள். என்றோ இறந்துபோன தன் அம்மாவின் பெயரைக் கணவர் மாற்றாமல் விட்டதால், அவரைப் பறிகொடுத்த பெண் வாரிசுச் சான்றுக்கு அலைவதைப் பார்க்கச் சகிக்காது.

அரசிடம் கையேந்துகிறோமே என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாய். அந்த எண்ணமே வேண்டாம். ஒருவர் கட்டடம் கட்ட மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ வரைபட அனுமதி வாங்கும்போது, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கென்று கட்டுகிறார். 1996-ல் வந்த சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. சொந்தக் குடியிருப்புக்குக் குறைந்த செலவில் கட்டும் வீட்டுக்கு மட்டும் விலக்கு. நீ கலவை சுமந்த அடுக்குமாடிகளில் இருந்து வசூலான பணம் அது. உரிமையோடு கேள்.

கேள்வி: கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சித்தாள் வேலை, கூலி 600 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று கேட்டேன். 600-ஐ முப்பதால் பெருக்கி, வருஷத்துக்கு 2,16,000 என்று போட்டுவிட்டார்கள். இனி என்ன செய்வது? — வாசகி, திருமங்கலம்

இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மாதம் முப்பது நாளும் எந்தச் சித்தாளுக்கு வேலை இருக்கிறது? மழை பெய்தால் இல்லை, சிமென்ட் வராவிட்டால் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இல்லை.

காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பதினாறு நாள் வேலை என்று வைத்தால் 9,600. பன்னிரண்டு மாதத்துக்கு 1,15,200. ஆக, உண்மையைச் சொன்னாலே நீங்கள் வரம்புக்குள் வருகிறீர்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். எந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி, அதையும் இணைத்து இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். அதோடு நிற்காமல் விஏஓ-வை நேரில் பார்த்து விளக்குங்கள். எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சான்று கிடைத்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கும் திட்டம் இது. ஆஸ்பத்திரியில் படுத்தபிறகு சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை. நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறேன். எங்களுக்கும் வாரியம் உண்டா? — வாசகி, செல்லூர்

உண்டும்மா. வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் தனி நல வாரியமே வந்துவிட்டது. நீங்கள் வேலை செய்வதற்கான சான்றில் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், பின்னால் ஏதாவது வம்பு வருமோ என்று. அவர்களுக்கு இதில் ஒரு செலவும் இல்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். நான்கில் ஒருவராவது போட்டுக் கொடுப்பார்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது? — வாசகர், உசிலம்பட்டி

எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம், கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும், இந்தத் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாய்க்குத் தடையில்லை. பணம் ஆதார் இணைத்த கணக்கில்தான் விழும் என்பதால், மகள் பெயரில் இருக்கும் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிட்டு, அப்புறம் கல்லூரியில் மனுவைக் கொடுங்கள்.