காமர்ஸ் படித்த மகளுக்கு ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த மகள் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போக ஆசைப்படுகிறாள், பி.பி.ஏ. ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்டில் சேர்க்கலாமா, அல்லது பி.காம். முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயாலஜி எடுக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் எந்த குரூப் படித்தவரையும் இதில் சேர்த்துக்கொள்கின்றன. கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

நர்ஸ் ஆக வேண்டுமானால் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். மருந்தாளுநருக்கு பார்மசி கவுன்சில். மருத்துவமனை நிர்வாகிக்கு அப்படிப்பட்ட சட்டப்பூர்வமான கவுன்சிலும் இல்லை, பதிவும் இல்லை. ஆகவே பில்லிங் அதிகாரி, இன்சூரன்ஸ் டெஸ்க், ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைகளுக்கு பி.காம். படித்தவரும் வருவார், பத்து வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸும் வருவார், எம்.பி.ஏ. முடித்தவரும் வருவார். பட்டத்தில் 'ஹாஸ்பிடல்' என்ற சொல் இருப்பதால் மட்டும் யாரும் முன்னுரிமை தருவதில்லை. உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் இடம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை வைத்துத்தான் எடை போட வேண்டும்: அந்தப் படிப்பு மகளை எத்தனை மாதம் ஒரு மருத்துவமனைக்குள் நிறுத்தி வேலை கற்றுக்கொடுக்கிறது?

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு டிஸ்சார்ஜைப் பாருங்கள். காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுகிறார். நோயாளி கிளம்பும்போது மாலை நான்கு. நடுவில் என்ன நடக்கிறது? டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருப்பார். பயன்படுத்தாத மருந்தை வார்டிலிருந்து பார்மசிக்குத் திருப்பி, அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். லேப், ஸ்கேன் கணக்கு முடிந்த பிறகுதான் பில்லை மூட முடியும். காப்பீடு என்றால் இறுதி பில்லும் சம்மரியும் டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பார்க்கும் நிறுவனம்) போர்ட்டலில் ஏற வேண்டும். அங்கிருந்து 'இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் (உடலுக்குள் பொருத்திய கருவியின் லேபிள்) இணைக்கப்படவில்லை' என்று ஒரு கொயரி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டம். இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் ஆகும் கூடுதல் மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் விதித்திருக்கிறது. ஆனால் மருத்துவமனையிலிருந்து கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த மூன்று மணி நேரமே தொடங்கும். காலையில் சம்மரி தாமதமானால் அந்த விதியால் பயன் இல்லை. இதற்கிடையே கேஷுவால்ட்டியில் ஒருவர் அதே கட்டிலுக்காகக் காத்திருப்பார்.

இந்த முடிச்சுகளை முந்தின நாள் மாலையே அவிழ்ப்பதுதான் நிர்வாகியின் வேலை. மறுநாள் போகப்போகிறவர்களின் பட்டியல் எடுத்து, சம்மரியை வரைவாகத் தயாரித்து, பில்லை நாளது வரை சரிபார்த்து வைத்தால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். ஷிப்ட் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு, கோபத்தில் இருக்கும் உறவினர்களிடம் நின்று பேச வேண்டியிருக்கும். ஏ.சி. அறையில் மேனேஜர் நாற்காலி என்று கல்லூரி விளம்பரம் காட்டுவது பல வருடம் கழித்து வருவது. ஆரம்பச் சம்பளமும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி பி.பி.ஏ.வா, பி.காம்.மா என்ற கேள்வி. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருந்து, அல்லது பெரிய மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்து, குறைந்தது ஒரு செமஸ்டர் முழுக்க அங்கே பயிற்சி என்றால் பி.பி.ஏ. ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் நல்ல படிப்பு. மூன்று வருடமும் வகுப்பறையில், கடைசியில் ஒரு மாதம் 'விசிட்' என்றால் வேண்டாம். அதற்குப் பதில் நல்ல கல்லூரியில் பொது பி.பி.ஏ. அல்லது பி.காம். படித்துவிட்டு, முதுகலையில் மருத்துவமனை நிர்வாகத்தை எடுப்பதே என் பரிந்துரை. பதினேழு வயதில் எடுக்கும் ஆசை இருபது வயதில் மாறினால் பி.காம். கையில் இருக்கும் பிள்ளைக்கு வங்கி, சி.ஏ., டி.என்.பி.எஸ்.சி. என்று கதவுகள் திறந்தே இருக்கும். பி.பி.ஏ.வும் பட்டம்தான், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், ஆனால் கணக்கியல் ஆழம் பி.காம்.மில்தான் அதிகம். மருத்துவமனையில் காஸ்டிங் (செலவுக் கணக்கு) தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

முதுகலையில் எம்.பி.ஏ. ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட், எம்.எச்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன்) என்று இரண்டு பெயர்களைப் பார்ப்பீர்கள். இரண்டுமே இரண்டு வருடம். எம்.பி.ஏ.வில் நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம் கூடுதல், எம்.எச்.ஏ.வில் மருத்துவமனைத் துறைகளின் செயல்பாடு கூடுதல். நாளைக்கு மருந்து கம்பெனி, காப்பீட்டு நிறுவனம் என்று மாற நினைப்பவருக்கு எம்.பி.ஏ. வசதி. எம்.டி. ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒன்று இருக்கிறது, அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும், குழப்பிக்கொள்ள வேண்டாம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), 1984-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் ஐஐஎச்எம்ஆர் ஆகியவை இந்தத் துறையில் பேர்பெற்றவை. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனை இருக்கிறது. டிஸ்ஸில் பழைய டிஸ்நெட் தேர்வு இப்போது இல்லை. மகள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்துத்தான் தேர்வுக்குத் தயாராக வேண்டும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளின் எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு. கண் மருத்துவமனை நிர்வாகத்தில் மட்டும் ஆர்வம் என்றால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லாய்கோ நிறுவனம் நடத்தும் பயிற்சிகளைப் பட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

அங்கீகாரத்தில் இரண்டு இடத்தில் பெற்றோர் வழுக்குகிறார்கள். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ.வும் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டது. இணைவுக் கல்லூரி என்றால் அந்த ஆண்டுக்கான ஏஐசிடிஇ ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். போன வருடக் கடிதத்தைக் காட்டினால், அது இந்த ஆண்டுக்கும் செல்லுமா என்று பாருங்கள். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. நம்மூரில் ஒரு மருத்துவமனை மாடியில் வகுப்பு, பட்டம் மட்டும் வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்துடையது என்று சொல்வார்கள். மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவே முடியாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. அப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் மறு கேள்வி கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள். தொலைநிலைக் கல்வி என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான யுஜிசி-டெப் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், அந்தக் கல்வியாண்டு மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருட டிப்ளமோவுக்கு எத்தனை கவர்ச்சியான பெயர் வைத்தாலும் அது பட்டம் ஆகாது.

கல்லூரியில் பிராஸ்பெக்டஸ் கொடுப்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு ரெகுலேஷனுடன் கூடிய சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் டெர்மினாலஜி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், காப்பீடு, மருத்துவமனைக் கணக்கியல், புள்ளியியல், தரநிர்ணயம் இவை தனித்தனித் தாளாக இருக்க வேண்டும். சட்டத் தாளில் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997, உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016, ஸ்கேன் மையங்களைக் கட்டுப்படுத்தும் பிசிபிஎன்டிடி சட்டம் 1994 இவை வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் பொது பி.பி.ஏ. தாளாக இருந்து 'ஹாஸ்பிடல்' என்ற சொல் இரண்டு மூன்று தாளில்தான் வருகிறது என்றால், அதிகக் கட்டணத்துக்கு அர்த்தம் இல்லை.

இறுதியாண்டு மாணவர் யாராவது கிடைத்தால் ஒரு சின்னக் கணக்கு கேட்டுப் பாருங்கள். நூறு கட்டில் மருத்துவமனை, முப்பது நாள் மாதம். மொத்தம் 3,000 கட்டில்-நாள். அதில் நோயாளிகள் இருந்தது 2,100 நாள் என்றால் நிரம்பல் விகிதம் 70 சதவீதம். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 525 பேர் என்றால் ஒருவர் சராசரியாகத் தங்கியது நான்கு நாள். அதை மூன்றரை நாளாகக் குறைத்தால் அதே 2,100 நாளில் 600 பேரைப் பார்க்கலாம்; ஒரு கட்டில்கூட கூடுதலாகப் போடாமல் 75 பேர் அதிகம். இதைத் தடுமாறாமல் சொல்லும் மாணவர்கள் இருக்கும் துறையில் பாடம் நடக்கிறது என்று நம்பலாம்.

பயிற்சி பற்றிக் கேட்கும்போது 'டை-அப் இருக்கு சார்' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்த மருத்துவமனை, எத்தனை கட்டில், என்ஏபிஎச் தரச் சான்று உண்டா, எந்தெந்தத் துறையில் எத்தனை வாரம், அங்கே மேற்பார்வையாளர் யார், லாக் புக் உண்டா? வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுக்க மட்டும் மூன்று மாதம் நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. பில்லிங், இன்சூரன்ஸ், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி ஆகிய ஐந்திலும் சுழற்சி இருந்தால்தான் அது பயிற்சி. பிளேஸ்மெண்ட் பட்டியலில் கம்பெனி பெயரைவிடப் பதவியின் பெயரைப் பாருங்கள். 'பேஷண்ட் கேர் எக்ஸிகியூட்டிவ்' என்றால் பல இடங்களில் வரவேற்பு வேலைதான்.

அரசு வேலை நோக்கம் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் டீன், கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் எல்லாருமே டாக்டர்கள். நிர்வாகப் படிப்புக்காரர்களுக்குத் தேசிய நலவாழ்வுக் குழுமத்தில் தர மேலாளர் போன்ற ஒப்பந்தப் பணிகள் அவ்வப்போது வரும், நிரந்தரம் அல்ல.

மகள் இந்த மூன்று வருடத்தில் எக்செல்லை நன்றாகக் கற்கட்டும். இந்தி அல்லது மலையாளம் பேசத் தெரிந்தால் சென்னை, கோவை, வேலூர் மருத்துவமனைகளில் நேரடியாகப் பயன்படும்.

கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால், படிப்புக் காலம் முடிந்து பொதுவாக ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இளங்கலைக்குக் கடன் வாங்கிவிட்டால் முதுகலைக்குக் கை கட்டிப்போகும். இந்தத் துறையில் நல்ல பதவிக்கு முதுகலை அவசியம் என்பதால், இளங்கலைக் கட்டணத்தை முடிந்தவரை சுருக்கி, மிச்சத்தை எம்.எச்.ஏ.வுக்கு ஒதுக்குங்கள். சேர்க்கை நாளில் மார்க் ஷீட், டி.சி. அசலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. கட்டாயப்படுத்தினால் எழுத்தில் கேளுங்கள்.