சக்கரத்துக்காரர் கைவலி: கேள்வி பதில்

சேலம் வட்டாரத்தில் பானை, அகல் விளக்கு, பூந்தொட்டி செய்கிறவர்களும் ஏற்காட்டில் சக்கரம் பழகுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கை, மணிக்கட்டு சிகிச்சையில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டது: வயசு, சர்க்கரை உண்டா இல்லையா, எந்த விரல், எந்த வேலை செய்யும்போது. இந்த நாலும் இல்லாத கேள்விக்கு நாலு வரிதான் வரும்.

ஓமலூர், 44 வயது: ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்துப்போய் முழிப்பு வந்துடுதுங்க. உதறினா சரியாகுது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும்தான். வீட்டுல மண் பிசையறது நான். மூணு மாசமா நரம்பு மாத்திரை சாப்பிடறேன், கேட்கல.

சுண்டுவிரலை நீங்கள் சேர்க்கவில்லை அக்கா. அதுதான் முக்கியமான தகவல். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அடியில் எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும், கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் போகின்றன. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. தசைநார் உறை வீங்கினால் இடம் பத்தாமல் நசுங்குவது நரம்பு. மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, உள்ளங்கை அடியில் உடம்பு எடையைப் போட்டு மண் பிசையும்போது அழுத்தம் நேராக அங்கேதான் விழுகிறது. கையை மடக்கித் தூங்கினாலும் அழுத்தம் ஏறும். ராத்திரி எழுப்புவது அதனால்தான்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வையுங்கள். அதே விரல்களில் மரமரப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்ய நரம்புக் கடத்தல் பரிசோதனை இருக்கிறது.

சிகிச்சை ராத்திரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டில் தொடங்கும். மருந்துக்கடை பெல்ட்டுக்குள் ஒரு தகடு இருக்கும். பெரும்பாலும் அது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும்படி வளைந்திருக்கும். தகட்டை உருவி, நேராக நிமிர்த்தி, திரும்பச் செருகுங்கள். முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆறு வாரம், ஒரு ராத்திரி விடாமல். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சக்கரத்தில் உட்காராதீர்கள், மண்ணும் பிசையாதீர்கள். மணிக்கட்டைக் கட்டிப்போட்டால் அது செய்த வேலையைக் கட்டைவிரலும் முழங்கையும் வாங்கிக்கொள்ளும். ஒரு வலிக்கு இரண்டு வலி ஆகும்.

நரம்பு மாத்திரை என்று நீங்கள் சாப்பிடுவது பி வைட்டமின். உடம்பில் அது குறைவாக இருந்தால் பலன் உண்டு. நசுங்கிய நரம்புக்கு அது இடம் உண்டாக்காது. அந்தக் காசில் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே இந்த மரமரப்பைக் கொண்டுவரும். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் சதைமேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சப்பையாகத் தெரிந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்; நேராக எலும்பு அறுவை மருத்துவரிடம் போங்கள். வற்றிய தசை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

அயோத்தியாப்பட்டணம், 35 வயது, சர்க்கரை இல்லை: கார்த்திகை ஆர்டர் ஓடுது. அகலுக்கு மூக்கு கிள்ளிக் கிள்ளி கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்குது. துணி பிழிய முடியல. சுளுக்குன்னு ஒருத்தர் இழுத்துவிட்டார், வீக்கம் அதிகமாயிடுச்சு.

இது சுளுக்கு இல்லை. கட்டைவிரலை விரிக்கிற, நிமிர்த்துகிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு கிள்ளலிலும் உரசும். சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் 1895இல் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் பொத்திக்கொண்டு, கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும். கெட்ட கையில் சுரீரென்று தெறிக்கும். உறையில் வீக்கம் இருக்கும்போது இழுத்துவிடுவது எரிகிற இடத்தில் உரசுவது. இனி யாரையும் இழுக்க விடாதீர்கள்.

நாலிலிருந்து ஆறு வாரம் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும். சாதா மணிக்கட்டு பெல்ட் இதற்கு உதவாது. துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அடங்காவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், நன்றாகவே கேட்கும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் நிற்கும். இதைச் சொல்லாமல் ஊசி போட்டால் பிறகு பயந்துபோவீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும்.

வேலையில் மாற்ற வேண்டியது: மூக்கைக் கிள்ளாதீர்கள். விளக்கின் விளிம்புக்கு வெளியே இடது கையின் இரண்டு விரல்களை இடைவெளி விட்டு அண்டக்கொடுத்து, சுண்டுவிரல் கனமுள்ள வழவழப்பான மூங்கில் குச்சியால் உள்ளிருந்து நடுவில் அழுத்துங்கள். மூக்கு வந்துவிடும், கட்டைவிரல் சும்மா இருக்கும். விளக்கைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் நூலை விரலில் சுற்றி இழுக்கிறீர்களா? நூலின் இரண்டு முனையிலும் சின்னக் குச்சியைக் கட்டிக்கொண்டு, குச்சியை முழுக்கையால் பிடித்து இழுங்கள்.

சங்ககிரி: கை வலிக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

வீட்டில் இருக்கிற எண்ணெய். தேய்த்தால் சுகமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மரத்துப்போகிற கை என்றால் சூடான எண்ணெயும் சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும்.

வாழப்பாடி, 31 வயது: கோல் போட்டுச் சுத்தற சக்கரத்தை விட்டுட்டு மோட்டார் சக்கரம் வாங்கினோம். வலி குறையும்னு பார்த்தா ரெண்டு மணிக்கட்டும் போச்சு. ஏன்?

கோல் போடும் சக்கரம் தோளைத் தின்னும், ஆனால் மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கும். வேகம் குறையும்போதெல்லாம் கையை எடுத்துக் கோலைப் பிடித்தாக வேண்டும். மோட்டாரில் அந்த இடைவெளி இல்லை. இன்னொன்று, கைச்சக்கரத்தில் அளவுக்கு மீறி அமுக்கினால் சக்கரமே தளர்ந்து எச்சரிக்கும். மோட்டார் தளராது, கைதான் தளரும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கையைத் தொங்கவிடுங்கள், இரண்டு நிமிடம் போதும்.

மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவரும்போது முழங்கை அந்தரத்தில் நிற்கக்கூடாது. தொடையிலோ விலாவிலோ ஊன்றி, மணிக்கட்டை நேராக வைத்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளுங்கள். உருண்டையை இரண்டு கிலோவுக்குள் வையுங்கள். மண்ணையும் இளக்குங்கள். கட்டைவிரல் நுனியை அழுத்தினால் நகம் மறையும்வரை சிரமமில்லாமல் இறங்க வேண்டும். கெட்டி மண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் என்ன சிகிச்சை கொடுத்தாலும் மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறார்கள்.

தாரமங்கலம், 62 வயது, குறுக்கே: நகம் மறையற மண்ணுல விளக்கு வரும் தம்பி, பொங்கப்பானை வராது. கழுத்து உட்கார்ந்துடும். கையைப் பார்த்தா வயித்தை யார் பார்க்கறது?

பானை விஷயத்தில் ஐயா சொல்வது சரி, வாதாட வரவில்லை. ஆனால் பானை ஒரே மூச்சில் முடிகிற வேலையா? கனமாக வனைந்து, அறுத்தெடுத்து, சுண்டவிட்டு, பிறகு பலகையால் தட்டி அடி மூடுகிறீர்கள். கெட்டியாக இருக்க வேண்டியது வனையும்போதுதான், பிசையும்போது இல்லை. இளக்கமாக மிதித்துப் பிசைந்துவிட்டு, உருட்டிக் காய்ந்த தரையில் வைத்துத் தேவையான பதத்துக்குச் சுண்டவிடுங்கள். முதல் நாளே செய்து ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தால் மண் இன்னும் பிடிமானம் கொடுக்கும்.

மேட்டூர், 38 வயது: மண் அரைக்கிற மெஷின் வாங்கிட்டா இந்தச் சண்டையே வேண்டாமே.

தாரமங்கலம்: மெஷின் மண்ணுல செஞ்ச பானை அடுப்புல வெடிக்கும். கால்ல மிதிச்சாத்தான் உள்ள இருக்கற கல்லு தெரியும்.

கல் கதை உண்மை. பாதத்துக்குத் தெரிவது மெஷினுக்குத் தெரியாது. வெடிப்பது வேறு கணக்கு. மணல் சேர்மானமும் சுவர் கனம் ஒரே சீராக இருப்பதும் சரியில்லை என்றால், மிதித்த மண்ணும் வெடிக்கும். மிதிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கைக்கு மிதிப்பதைப் போல நல்லது எதுவுமில்லை. மெஷின்காரருக்கு: மெஷினில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகத் தள்ளிவிட்டு, அதைச் சக்கரத்தில் அமுக்கினால் என்ன லாபம்?

தாரமங்கலம்: சரி, தட்டற வேலைக்கு என்ன சொல்றீங்க? தட்டும்போது பானைக்குள்ள அண்டக்கொடுக்கற கல்லைப் பிடிக்கற கைதான் எனக்குப் போச்சு. கட்டைவிரல் அடியில குடையுது. சர்க்கரை இல்லை.

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் ஐயா. வழவழ உருண்டைக் கல்லை ஐந்து விரலையும் விரித்துக் கவ்விப் பிடிக்கிறீர்கள். பலகை விழும் ஒவ்வொரு அடியும் கட்டைவிரல் அடிமூட்டில் இறங்குகிறது. அந்த மூட்டு தேய்ந்திருக்கும். பிடிக்கத் தண்டுள்ள, முகம் அகலமான கல்லுக்கு மாறுங்கள். விரல் நுனியால் கவ்வாமல் முழுக்கையால் பிடிக்கலாம். பலகையின் கைப்பிடி மெலிசாக இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். மெலிந்த பிடியை நழுவாமல் பிடிக்கவே பாதி பலம் போய்விடும். அடிமூட்டை மட்டும் பிடிக்கும் சின்ன பெல்ட் உண்டு. தட்டி முடித்த பிறகு போடுங்கள், தட்டும்போது அல்ல.

மெஷின் பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தனியாகச் சந்தை போட்டுக்கொள்ளுங்கள், இங்கே கை மட்டும்.

எடப்பாடி, 29 வயது: சூளையில இருந்து எடுக்கும்போது சுட்டதே தெரியல. மறுநாள் சுண்டுவிரல்ல கொப்புளம். முழங்கைக்குக் கீழ ஒரு இடம் வெளுத்த மாதிரி இருக்கு, அங்கேயும் உணர்ச்சி இல்லை. சர்க்கரை பார்த்தாச்சு, இல்லை. பெல்ட் போடட்டுமா?

வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சட்டையைக் கழற்றி அந்த இடத்தைக் காட்டுங்கள். உணர்ச்சியில்லாத வெளுத்த படையும் சுண்டுவிரல் மரப்பும் சேர்ந்து வந்தால் முதலில் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். முழங்கையின் உள்பக்க எலும்புமேட்டுக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று அவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதம், முழுசாகக் குணமாகும். தாமதித்தால் விரல்கள் மடங்கிப்போகும். அதைத் திருப்புவதுதான் கஷ்டம். அதுவரை சூளைப் பக்கம் தடித்த கையுறை இல்லாமல் போகாதீர்கள். தினமும் ராத்திரி இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், வலிக்காத காயம் இருக்கும்.

கெங்கவல்லி, 50 வயது: ராத்திரி கை மரத்துப்போகுது. நரம்பு மாத்திரை எழுதிக் கொடுங்க.

ஓமலூர் அக்காவுக்குச் சொன்னதுதான். மாத்திரை எழுதுவது என் வேலையும் இல்லை.

ஆத்தூர், 57 வயது, சர்க்கரை உண்டு: காலையில மோதிரவிரல் மடங்கினா நிமிர மாட்டேங்குது. டக்குன்னு சத்தத்தோட விடுது.

உள்ளங்கையில் அந்த விரலின் அடியில், ரேகைக்குப் பக்கத்தில் அமுக்கிப் பாருங்கள், சின்னக் குண்டு தட்டுப்படும். தசைநார் தடித்து, அதை எலும்போடு பிடித்துவைக்கும் வளையத்தில் மாட்டுகிறது. சத்தம் வரவைத்து விளையாடாதீர்கள். விரலை நீட்டிவைக்கும் சின்னப் பட்டையை ராத்திரியில் ஆறு வாரம் போடலாம். ஸ்டீராய்டு ஊசி சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் கேட்கும். கேட்காவிட்டால் வளையத்தைத் திறந்துவிடும் சின்ன அறுவை, மரக்கவைக்கும் ஊசியிலேயே முடிந்துவிடும்.

அதே ஊர், இன்னொருவர்: நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் சொருகலாமா?

ஈரமண்ணில் ஊறிய தோலில் அமிலம் எதற்கு? விண்விண்ணென்று தெறித்துச் சீழ் தெரிந்தால் மருத்துவமனையில் கீறி எடுக்க வேண்டும், சர்க்கரை இருந்தால் அன்றைக்கே. வலி அதிகமில்லாமல் மாதக்கணக்கில் நக ஓரம் உப்பியிருந்தால், அது எப்போதும் ஈரத்தில் இருப்பதால் வருவது. வேலை முடிந்ததும் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஒற்றி உலர்த்தி, வாஸ்லின் தடவுங்கள். நக ஓரத்துத் தோலை வெட்டாதீர்கள். மறையாவிட்டால் தோல் மருத்துவர்.

ஏற்காடு, 27 வயது: டிசம்பர்ல மண்ணும் தண்ணியும் ஐஸா இருக்கு. விரல் விறைச்சுடுது. கழுத்தும் வலிக்குது.

மண்ணை வீட்டுக்குள் வையுங்கள், சக்கரத்துப் பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். குளிர்ந்த மண் கெட்டியாகவும் இருக்கும், விறைத்த விரல் தேவைக்கு மேல் அமுக்கவும் செய்யும். விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வெறும் குளிர் இல்லை. கழுத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மறுபடி மேட்டூர்: பெல்ட் போட்டுக்கிட்டு சக்கரத்துல உட்காரலாமா?

கூடாது.

செவ்வாய்ப்பேட்டை, 48 வயது: மணிக்கட்டு நரம்பு ஆபரேஷன் அடுத்த வாரம். தை மாச ஆர்டருக்கு உட்கார முடியுமா?

தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினாலு நாள். காயம் முழுசாக மூடும்வரை ஈரமண்ணைத் தொடவே கூடாது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் விளக்கு மாதிரி லேசான வேலை. மண் பிசைவது ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் நின்றுகொண்டு. கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் பலகை. ராத்திரி மரமரப்பு சீக்கிரமே போய்விடும். உள்ளங்கை அடியில் அமுக்கினால் வரும் வலி மூன்று மாதம் வரைக்கும் நிற்கலாம். ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தை ஆர்டரில் பானையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, நீங்கள் வர்ணம் பூசுங்கள்.