ஸ்பேனரை நாமே எடுக்கலாமா? கார் பராமரிப்பு: கேள்வி பதில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 28 ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறேன். எந்த வேலையை நாமே செய்யலாம், எதற்கு மெக்கானிக்கிடம் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். லாரி, டிராக்டர் என் துறை அல்ல. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியர்: வீடியோ பார்த்து எல்லா வேலையையும் நானே செய்தால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் அண்ணாச்சி?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது ஐயா. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை கூலி விலை உயர்ந்த நாடுகளில் எடுத்தவை. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் காசில் பாதிச் சாமான் வாங்கிவிடலாம். நம் ஊரில் கணக்கு தலைகீழ். கூலி குறைவு, சாமான்தான் விலை. ஆயிலும் ஃபில்டரும் நீங்கள் வாங்கினாலும் நான் வாங்கினாலும் ஒரே விலைதான். உங்களுக்கு மிஞ்சுவது சில நூறு ரூபாய்க் கூலி. அதற்காக ஸ்பேனர் செட், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி, ஆயில் பிடிக்கும் தட்டு எல்லாம் வாங்கினால், போட்ட காசு திரும்பவே சில ஆண்டுகள் ஆகும்.

ஆனாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். வாரம் ஒரு முறை பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கசிவு சொட்டாக இருக்கும்போதே தெரிந்துவிடும். பார்க்காதவருக்கு அது நடுவழியில்தான் தெரியும். அந்த வித்தியாசம் சில நேரம் ஒரு முழு எஞ்சின் விலை.

எதைத் தொடுவது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கை தவறினால் என்ன ஆகும்? ஏர் ஃபில்டரைத் தவறாக மாட்டினால் மறுபடி கழற்றி மாட்டலாம். ஏ.சி. ஃபில்டர், பல்பு, டயர் காற்று, பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் மட்டம் எல்லாம் இந்த வகை. நீங்களே செய்யுங்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏர்பேக், டைமிங் பெல்ட், பெட்ரோல் குழாய், ஏ.சி. கேஸ் ஆகியவற்றில் கை தவறினால் போவது உயிர் அல்லது எஞ்சின். அதற்குக் காசு கொடுங்கள்.

வள்ளியூர்: எஞ்சின் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இப்போதைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி.

தென்காசி, வங்கி ஊழியர்: ஆயில் மாற்றுவதை வீட்டில் செய்யலாமா? உங்கள் பட்டியலில் அது எந்தப் பக்கமும் இல்லையே?

நடுவில் இருப்பதால்தான் விட்டேன். பொறுமை உள்ளவர் செய்யலாம். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு இறங்கும், கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கும். சமதளத்தில், வண்டியை இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக்கில். போன ஆண்டு ஓர் இளைஞர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நீளமான கைப்பிடி போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து இறுக்கியிருக்கிறார். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப் அலுமினியம், பிளக் இரும்பு. பிளக்கைக் கழற்றியபோது அதன் மரையில் அலுமினியம் வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. சம்ப் மரை முழுவதும் உரிந்துவிட்டது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சம்பே மாற்ற வேண்டியதாயிற்று. புது வாஷர் போடுங்கள், கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் வயலுக்கும் ஆற்றுக்கும் போகிறது. கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுங்கள், பழைய ஆயில் எடுப்பவர்கள் அங்கே வருவார்கள்.

நாங்குநேரி: தாங்கி இல்லை. ஜாக்கியோடு நாலு செங்கல் அடுக்கினால் போதாதா?

போதாது. செங்கல் பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். ஹாலோ பிளாக் அதைவிட மோசம். தாங்கி வாங்கும்வரை அடியில் போக வேண்டிய வேலையைத் தொடாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: கூலன்ட் பனி கொட்டும் ஊர்களுக்குத்தானே? நமக்குத் தாமிரபரணித் தண்ணீர் போதாதா?

பனியில் உறையாமல் காப்பது கூலன்ட் செய்யும் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு வேண்டியவை மற்ற இரண்டு. முதலாவது, கொதிநிலை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் வெறும் தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். இரண்டாவது, அதில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது. இன்றைய எஞ்சினில் மேல்பாகமான ஹெட் அலுமினியம், பல வண்டிகளில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். வெறும் தண்ணீர் இவற்றை அரிக்கும். ஆற்றுத் தண்ணீராவது பரவாயில்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றினால் குழாய்க்குள் உப்புப் படிந்து சுண்ணாம்புபோல் அடைத்துக்கொள்ளும்.

கல்லிடைக்குறிச்சி: மன்னிக்க வேண்டும், இதை நான் ஏற்க மாட்டேன். என் அப்பா அம்பாசிடரை முப்பது ஆண்டுகள் ஆற்றுத் தண்ணீரிலேயே ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. நானும் என் காருக்கு அதையேதான் ஊற்றுகிறேன்.

அப்பா செய்தது அந்த வண்டிக்குத் தவறில்லை. அந்தக் கால அம்பாசிடர் எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, சுவர்கள் தடிமன். கொஞ்சம் துருப்பிடித்தாலும் தாங்கும். உங்கள் அப்பா காலையில் மூடியைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுத்திருக்கவும் மாட்டார். அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. இன்று நீங்கள் ஓட்டுவது அந்த எஞ்சின் அல்ல.

என் மேசையில் ஒரு வாட்டர் பம்ப் இருக்கிறது. ஆறு ஆண்டு தண்ணீரிலேயே ஓடிய காரிலிருந்து கழற்றியது. உள்ளே சுழலும் இறக்கைகள் எலி கொறித்தாற்போல் பாதி தேய்ந்து, விளிம்பு பிளேடுபோல் மெலிந்திருக்கின்றன. பம்ப் சுற்றியது, ஆனால் தண்ணீரைத் தள்ளவில்லை. ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்த்தான் அந்த வண்டி வந்தது.

சங்கரன்கோவில்: எங்கள் மெக்கானிக், "நம் வெயிலுக்கு எதற்குத் தெர்மோஸ்டாட்" என்று கழற்றிப் போட்டுவிட்டார். அதன் பிறகு வண்டி சூடாகவே இல்லை. அவர் செய்தது சரிதானே?

சரியில்லை. என் தொழில்காரர்களோடு நான் பல ஆண்டுகளாகச் சண்டை போடும் விஷயம் இது. எஞ்சின் வேலை செய்ய ஒரு சூடு வேண்டும். அது வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலை விடும். மைலேஜ் குறையும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பக்கவழியை மூடுகிறது. அது இல்லையென்றால் பாதிச் சூடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். ஏற்றத்தில் கொதிக்கும். முதலில் வண்டி ஏன் சூடானது என்பதை அவர் தேடவே இல்லை. பழையது பழுதென்றால் புதியதைப் போடச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: எல்லாம் கம்பெனிக்காரன் கூலன்ட் விற்கச் சொல்லும் கதை.

நான் எந்தக் கம்பெனி பெயரையும் சொல்லவில்லை ஐயா. நாளைக் காலை, வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு, மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

மேலப்பாளையம், இல்லத்தரசி: பெண் தனியாகப் போனால் மாற்றாத சாமானையும் மாற்றியதாகப் பில் போடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நியாயமானது அம்மா. வேலை தொடங்கும் முன்பே, "கழற்றும் பழைய சாமான் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் முகம் சுளிக்காமல் எடுத்து வைப்பார். எந்தச் சாமான், என்ன விலை, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகப் பில் கேளுங்கள். தர மறுக்கும் பட்டறைக்கு மறுமுறை போகாதீர்கள்.

களக்காடு: ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

திசையன்விளை: புதுக்கார், வாரண்டி இருக்கிறது. நானே சர்வீஸ் செய்யலாமா?

வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்ரீவைகுண்டம்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் கார் மூழ்கியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், "டக்" என்று நின்றது. எஞ்சின் போய்விட்டது. அடுத்த முறை என்ன செய்வது?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றதை நான் மறக்கவில்லை. சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டியதும் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் பட்டறையில் சேருங்கள். பாலிசி எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். சாதாரண பாலிசியில் இப்படி வரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

செங்கோட்டை: பிரேக் பேடு மாற்றுவது எளிதாகத் தெரிகிறது. செய்யட்டுமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்குகிறவர். பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பாருங்கள், அது போதும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்து, மிதித்த பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

கடையநல்லூர்: எலக்ட்ரிக் கார்?

ஆரஞ்சு நிற வயரைத் தொடாதீர்கள். மற்றதை அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் கேளுங்கள்.

முக்கூடல்: ஜாக்கி வைத்து ஐந்தே நிமிடம்தான், அடியில் எட்டிப் பார்த்து...

கூடாது. ஐந்து நொடியும் கூடாது.

கல்லிடைக்குறிச்சி: தம்ளரில் எடுத்தேன். செங்காவி நிறம். அடியில் மணல்போல் தங்குகிறது. என்ன செய்ய வேண்டும்?

எடுத்துப் பார்த்ததற்கு நன்றி ஐயா. அது துருவும் உப்புப் படிவும். உடனே கூலன்ட்டை ஊற்றிவிடாதீர்கள். முதலில் முழுவதும் வடித்து, நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு உங்கள் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வகையைப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பக்கத்தில் உங்களுக்கு நம்பிக்கையான பட்டறையிலேயே பார்க்கச் சொல்லுங்கள், என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை.

பேட்டை: வைப்பர் பிளேடை நானே மாற்றலாமா?

மாற்றலாம். கழற்றும் முன் கண்ணாடிமேல் தடித்த துணியை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத கம்பி கை நழுவி அடித்தால் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும்.