மண்ணைப் பிசைந்த கைக்குத்தான் பென்சில் பிடிபடும்

*தண்டையார்பேட்டையில் எங்கள் பால்வாடி ஒரே ஒரு அறை. வாசலைத் தாண்டினால் தெரு. பைக்கும் ஆட்டோவும் போய்க்கொண்டே இருக்கும். இருபது பிள்ளைகளை எங்கே விளையாட விடுவது?*

முதலில், இருபது பேரையும் ஒன்றாக வெளியே விடாதீர்கள். பத்துப் பேருடன் நீங்கள் வெளியே இருங்கள். மீதிப் பேருக்கு உள்ளே ஆயாம்மா கதை சொல்லட்டும். அரை மணியில் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் கோயில் திடலோ பள்ளிக்கூட முற்றமோ இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். "குழந்தைங்களுக்கு" என்று சொன்னால் நம் பக்கத்தில் முகம் சுளிப்பவர்கள் குறைவு. நடந்து போக ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கயிறே அவர்களுக்கு ரயில்.

எங்குமே இடம் கிடைக்கவில்லையா? வாசல் திண்ணை போதும். சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போடுங்கள். ஒரு டப்பில் மணல், நாலைந்து கொட்டாங்குச்சி, உடைந்து கூர்மையாகாத பழைய மக்கு ஒன்று. மணலை ராத்திரி மூடி வையுங்கள். பூனை அசிங்கம் செய்தால் அதிலிருந்து புழுத் தொற்று வரும். வாளியில் தண்ணீர் வைத்தால் விளையாட்டு முடிந்த உடனே கவிழ்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளை மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும்.

காசிமேட்டில் ஒரு பால்வாடிக்குப் போயிருந்தபோது, வலைத் துண்டில் சிக்கிய நண்டு ஓட்டைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். "எத்தனை கால்?" என்று டீச்சர் கேட்டார். எட்டு என்றான் ஒருவன். நான்கு வயதுப் பெண் கொடுக்கைத் தொட்டுக் காட்டி, "இதுவும் காலுதான் டீச்சர், பத்து" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எந்தச் சுவர்ப் படம் அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்?

*வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு நாலு வயது. தினமும் பாவாடையெல்லாம் மண்ணோடு வருகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதுகிறான். பள்ளியை மாற்றிவிடலாமா?*

மாற்றாதீர்கள் அம்மா. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. நாலு வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நூறு வரை எழுதச் சொன்னால், விரல் வலிக்கும், எழுத்தின் மேல் வெறுப்பு வரும். மண் பிசைவதும் குடத்தில் தண்ணீர் சுமப்பதும் கம்பியில் தொங்குவதும் தோளையும் மணிக்கட்டையும் பலப்படுத்தும். எழுத்துக்கு அதுதான் அடித்தளம்.

3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சிரைக்க ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வீட்டுக்குள் டிவி முன்னால் அது நடக்காது. கண்ணுக்கும் பகல் வெளிச்சம் நல்லது. வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது.

பாவாடைக்கு ஒரு வழி: விளையாட்டுக்கென்று பழைய துணி ஒன்று பள்ளியிலேயே இருக்கட்டும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம் வேண்டும். பால்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போடாதீர்கள்.

*எண்ணூரில் இருக்கிறோம். ஒருநாள் புகை, ஒருநாள் நாற்றம். வெளியே விடுவதா, வேண்டாமா?*

பிள்ளைகளின் விளையாட்டையே பறிக்கிற காற்று நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருப்பது எனக்குத் தாங்கமுடியாத கோபம். ஆனால் அதற்காகக் கதவைச் சாத்தி வளர்க்கவும் முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றன்றைக்கு உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள காற்றுத் தர எண்ணைப் பாருங்கள். 100-க்குள் இருந்தால் தாராளமாக விடலாம். 101 முதல் 200 வரை என்றால் இளைப்பு உள்ள பிள்ளையை ஓட விடாமல் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்குத் திருப்புங்கள். அதற்கு மேல் போனால் உள்ளேயே கல்லாங்காய், பாட்டு, கயிறு தாண்டல். எண் எதுவானாலும் மூக்கு எரிகிற நாற்றம் வந்தால் உடனே உள்ளே அழைத்துவிடுங்கள்.

*கத்திரி வெயிலில்?*

காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். தகரச் சறுக்குமரத்தை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள்.

*ராயபுரத்தில் இருக்கும் பாட்டி நான். பேரன் எதைப் பார்த்தாலும் ஏறுகிறான். விழுந்து தொலைத்தால்?*

நீங்களே தூக்கி மேலே விடாதீர்கள். அவனாக ஏறிய உயரத்திலிருந்து அவனுக்கு இறங்கவும் பெரும்பாலும் தெரியும். கீழே சிமெண்டா மணலா என்று மட்டும் பாருங்கள், சிமெண்டு என்றால் வேறு இடம் காட்டுங்கள். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். "விழுந்துடுவே!" என்று கத்தினால் அவன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான், அப்போதுதான் கால் தவறும். "அடுத்த கால் எங்கடா வைக்கப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். பார்வை காலுக்குப் போகும்.