பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கலாமா? இன்ஜினில் கை வைப்பது கடைசியில்

கேள்வி: பக்கத்து ஊரில் 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டு வருடமாக ஓட்டாமல் நிற்கிறது. ஆர்.சி. 2023இல் முடிந்துவிட்டது. தினமும் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர வேண்டும். வாங்கி வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: வாங்கலாம். ஆனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் பதிவைப் புதுப்பித்துத் தருவார்கள். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். இதை விற்பவர் தன் பெயரிலேயே முடித்துத் தரட்டும். ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது என்று கேட்டால், அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வண்டியை ஓடவையுங்கள், மீதிப் பணம் புதுப்பித்த பிறகு. படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். பழைய கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

சரி, இன்ஜின். 97.2 சிசி ஸ்ப்ளெண்டர் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் சாகாது. நின்றுபோன வண்டியில் முதலில் கெடுவது பெட்ரோல் போகும் வழி, ரப்பர் பாகங்கள், மின் இணைப்புகள். இந்த மூன்றையும் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

பெட்ரோலில் ஆரம்பியுங்கள். டேங்கில் இருப்பதை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீர் அடியில் தங்கி டேங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாயையும் அது பதம்பார்க்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லேசான துரு என்றால் டேங்கைக் கழற்றி, வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். பொத்தல் விழும் அளவுக்குத் துரு என்றால் வேறு டேங்க்தான். இதையெல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

அப்புறம் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை உள்பக்கம் முடுக்கி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே பெட்ரோல் வரும் பொடி ஓட்டையில் (ஜெட்) ஊசியோ கம்பியோ விட வேண்டாம். ஓட்டை பெரிதானால் மைலேஜ் போச்சு. கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். பெட்ரோல் குழாயையும் ஏர் ஃபில்டரையும் யோசிக்காமல் மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலர் பேட்டரி வாங்க ஓடுகிறார்கள். உங்கள் மாடல் கிக்கர் வண்டி, பேட்டரி செத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஹாரன், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத்தான் பேட்டரி தேவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயர் முனையில் உள்ள மூடியில் (கேப்) மாட்டி, இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை அடியுங்கள். பிளக் ஓட்டைக்கு அருகே வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீல நிறப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் புது பிளக் போடுங்கள், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. அப்போதும் சரியாகவில்லை என்றால் பிளக் கேப், வயர்கள் ஒன்றோடொன்று மாட்டும் கப்ளர்கள், எர்த் இணைப்பு மூன்றையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக் போடாமலே நாலைந்து தடவை கிக்கரை மெதுவாக மிதியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகை வரத்தான் செய்யும், அது நீங்கள் விட்ட ஆயில்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஷூவில் லைனிங் தேயாமல் இருந்தாலும் பசை விட்டுக் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடலாம். முன்னும் பின்னும் புதிதாகப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1217 என்றால் 2017இன் 12வது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் நம்பாதீர்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். பெயிண்டும் குரோமும் அப்புறம்.

இவ்வளவும் முடித்து 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல், சின்ன வேலைதான். முறுக்கி ஓட்டும்போதெல்லாம் நீலப் புகை வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, அவரிடமே கொடுங்கள். டேப்பெட் சத்தம், அதாவது வால்வுப் பக்கம் வரும் டக்டக் சத்தம், இடைவெளியைச் சரிசெய்தாலே அடங்கிவிடக்கூடும்.

500 கிலோமீட்டரில் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள். அதுவரை வண்டியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு கிளட்ச் கேபிள் வைத்திருங்கள்.