வாசகர் கேள்வி: கட்டடம் பார்க்கிறவருக்கு மேலே போக வழி இருக்கா?

கேள்வி: கிளிநொச்சியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஜெனரேற்றர், ஏசி, தண்ணீர் மோட்டர், துப்புரவு, காவலாளி எல்லாம் என் தலையில்தான். முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன், 'சான்றிதழ் இல்லை' என்று சொல்லிக் கொழும்பிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். பயிற்சி, கூட்டம், ஆள் பழக்கம் எல்லாமே அங்கேதான். வன்னியில் இருந்துகொண்டு நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நேர்முகத்துக்குக் கையில் என்ன கொண்டு போனீர்கள்? சேவைக் கடிதம் ஒன்றுதானே. நாளைக்கே ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். ஜெனரேற்றர் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது, ஓயில் எப்போது மாற்றியது, நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கீசரிலும் பைப்பிலும் படிந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வைக்கிறது, அதற்கு என்ன செலவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். இதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை முதலாளிக்கு நீங்கள் திருத்த வேலைக்காரர்தான்.

சான்றிதழுக்கு வருவோம். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன, கைத்தொழில் தெரிந்தவரின் அனுபவத்தையே மதிப்பிட்டுத் தரும் ஆர்.பி.எல். முறையும் உண்டு, முழு கோர்ஸையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. மின்வேலையோ குளிரூட்டி வேலையோ, உங்களுக்குக் கை பழகியது எதுவோ அதில் தொடங்குங்கள். அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் பக்கத்திலேயே இருக்கிறது, போய் விசாரியுங்கள். அதற்குப் பிறகு இஃப்மா. 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கட்டட முகாமைத்துவச் சங்கம். அவர்களின் எஃப்.எம்.பி. சான்றிதழுக்கு முன்தகுதி கேட்பதில்லை, பராமரிப்பு, செயற்றிட்டம், நிதி, தலைமைத்துவம் என்று நாலு பாடம், வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் ஆங்கிலம், கட்டணமும் டொலரில், ஆகவே கடன் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

சரி, ஆள் பழக்கம். இதற்குக் கொழும்புக்குப் போய் கார்ட் நீட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரி, பொறியியல் பீடம், ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல் என்று பரந்தனிலிருந்து வவுனியா வரை ஏ9 வீதி ஓரத்தில் இதே தலைவலியோடு எத்தனை பேர்! நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு திங்களும் ஜெனரேற்றரை லோட் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவோம், அதில் பெருமை வேறு. ஒருநாள் புகைக்குழாயில் கறுப்பாக எண்ணெய் கசியத் தொடங்கியது. வவுனியாவில் இதே வேலை பார்த்த ஒரு அண்ணைக்கு கோல் எடுத்தேன். "லோட் இல்லாமல் ஓட்டினால் டீசல் முழுசாக எரியாதடா, மாதம் ஒருக்கா அரை மணித்தியாலம், 30 வீத லோடாவது குடுத்து ஓட்டு" என்றார். எந்த வகுப்பிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. அப்படிப் பத்துப் பேரைப் பிடியுங்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, மாதம் ஒருமுறை ஒருவரின் கட்டடத்தில் மோட்டர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியும் வடையும். உதிரிப்பாகம் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வரும்வரை இரவல் கேட்கவும் ஆள் இருக்கும். ஒன்று மட்டும், கொந்தராத்துக்காரர் நீட்டும் காசைத் தொடாதீர்கள். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பிறகு, அந்தப் புது முகாமையாளர். அவரில் கறுவிக்கொண்டு திரிய வேண்டாம். மூன்று மாதம் எழுதிய கொப்பியை அவரிடம் காட்டுங்கள், நம்முடைய தண்ணீர் அவருக்குப் புதிது. அவர் எஃப்.எம்.பி. படித்தவராக இருந்தால் புத்தகத்தை இரவல் கேளுங்கள்.